லிஃப்டுக்கென்று ஒதுக்கிய பணம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாகவே இருக்கிறேன். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸை விட்டு உன் வீட்டுக்கு வந்த பிறகு இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? சுரங்க முகாமில் தூசி அதிகம் என்று எழுதியிருந்தாயே, மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா? போன் எடுக்காத இடத்தில் உனக்கு வேலை கிடைத்தாலும் கிடைத்தது, தபால்தலை வாங்கப் போனால் கவுண்டரில் இருக்கிற பெண் என்னை அதிசயமாகப் பார்க்கிறாள்.

ஒரு செய்தி. நம் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் புதுப் பொருளாளர். சிரிக்காதே. நம் மூன்றாம் மாடி நடைபாதையில் தண்ணீர் தேங்குகிறது என்று புகார் சொல்லத்தான் பொதுக்கூட்டத்துக்குப் போனேன். உனக்கப்புறம் ஆளில்லாமல் அந்தப் பதவி மூன்று மாதமாகக் கிடந்ததாம். எதிர்வீட்டு வக்கீல் எழுந்து, "சிஸ்டர் ரிட்டயர் ஆகி சும்மாதானே இருக்காங்க, அவங்க தம்பி பார்த்த வேலைதானே"ன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள். புகார் சொல்லப் போனவள் தலையில் கட்டி அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் இன்னும் தேங்கித்தான் கிடக்கிறது.

செயலாளர் மாஸ்டர் ரொம்ப மரியாதையாக பீரோ சாவியைக் கொடுத்தார். இந்த வயதிலும் காலையில் இரண்டு பேருக்கு டிரைவிங் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து சங்க வேலையும் பார்க்கிறார். உன்னைப் பற்றி எல்லோரும் ஒரே புகழ்ச்சி. "உங்க தம்பி மாதிரி யாரும் வரமாட்டாங்கம்மா, பகல் முழுக்க சங்க ஆபீஸ் ரூம்லயேதான் இருப்பார்" என்றார்கள். மில் ஸ்டோர் வேலையையும் பார்த்துக்கொண்டு இதற்கும் எப்படியடா நேரம் கிடைத்தது உனக்கு?

லிஃப்ட்தான் முதல் தலைவலி. கம்பெனி ஆள் வந்து பார்த்து, கம்பியும் மோட்டாரும் மாற்றியே ஆக வேண்டும், ஆறு மாதம் தாங்கினால் அதிசயம் என்கிறான். நல்லவேளை, லிஃப்ட் நிதி என்று தனியாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். உன் ஆண்டறிக்கையில் நாலு லட்சத்து இருபதாயிரம் என்று இருக்கிறது. அந்தக் கணக்கின் பாஸ்புக்கை மட்டும் காணோம். எங்கே வைத்தாய்?

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

உன் அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே நான் சுகம். உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒற்றடம் கொடு. உனக்கே நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது பார்.

ஸ்டோரில் வேலை நெரிகிறது. துளைபோடும் இயந்திரத்தின் முனைகள், பூட்ஸ், தலைவிளக்கு பேட்டரி என்று ஆயிரத்து நானூறு சாமான். ஒரு கையுறை குறைந்தாலும் மேலாளர் என் கழுத்தைப் பிடிப்பார். தபால் பை பதினைந்து நாளைக்கு ஒரு முறைதான் வண்டியில் போகிறது. அதனால் பதில் தாமதமானால் கவலைப்படாதே.

அக்கா, அந்தப் பொருளாளர் வேலை உனக்கு எதற்கு? முப்பத்தைந்து வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்ற கால். இப்போதாவது உட்காரட்டும். முழங்காலைக் காரணம் சொல்லி எழுதிக் கொடுத்துவிடு. அங்கே நன்றி சொல்ல ஆள் இருக்காது, குற்றம் சொல்ல முப்பத்திரண்டு வீடு இருக்கும். குறிப்பாக வக்கீலிடம் வாய் கொடுக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஒற்றடம் கொடுத்தேன், கேட்கிறது.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். பாஸ்புக் எங்கே என்ற கேள்விக்கு அதில் பதிலைக் காணோம். கையுறைக்குக் கணக்குச் சொல்கிற ஆள் இதை மறந்துவிட்டாயே.

பதவியை விடச் சொல்கிறாய். எடுத்ததைப் பாதியில் போடுவது என் வழக்கம் இல்லை. வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் பஞ்சை எண்ணிச் சொல்கிறவள் நான். ஒன்று குறைந்தால் பெரிய டாக்டரானாலும் ஊசியைக் கீழே வைக்கத்தான் வேண்டும். எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன் தெரியுமா?

ஆனால் இந்த மாதச் சந்தா வசூல் இருக்கிறதே, அப்பப்பா. இரண்டாம் மாடி கண்ணாடிக்காரர், லிஃப்டில் ஏறுவதே இல்லை என்று தரைத்தள ஆட்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு, "நானும் பாதி நாள் படியிலதான் போறேன், பாதிதான் குடுப்பேன்" என்கிறார். மொட்டைமாடி தொட்டிக்கு அடுத்த வீட்டம்மா கதவைத் திறக்காமலே உள்ளிருந்து "யாரும் இல்லை" என்கிறாள். வக்கீல் ரசீதில் எழுத்துப்பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறார். வாட்ஸ்அப்பில் மட்டும் எல்லோருக்கும் பொறுப்பு பொங்குகிறது.

போன வாரம் லிஃப்ட் இரண்டு நாள் நின்றது. நமக்கு அது மூச்சு வாங்குகிற விஷயம். நான்காம் மாடித் தையல்காரிக்கு அது பிழைப்பு. சக்கர நாற்காலியில் இருக்கிறவள் இறங்கவும் முடியவில்லை, அளவு கொடுக்க வருகிறவர்கள் நாலு மாடி ஏறவும் தயாரில்லை. நான் ஏறிப் போனேன். "சிஸ்டர், லிஃப்டுக்குப் பணம் இருக்குதானே? நான் ஒரு மாசம்கூட பாக்கி வச்சதில்ல" என்றாள். "இருக்கு"ன்னு சொல்லிவிட்டு வந்தேன்.

பாஸ்புக் எங்கே? இதற்கு மட்டும் ஒரு வரி எழுது.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். தபால் வண்டி பழுதாகிவிட்டது, அதனால்தான் தாமதம். கொஞ்சம் இருமல், மற்றபடி ஒன்றுமில்லை.

பாஸ்புக் எனக்குச் சரியாக நினைவில்லை. நான் கிளம்பிய அவசரத்தில் எதை எங்கே வைத்தேனோ. மாஸ்டரிடம் கேட்டுப் பார். எல்லாக் காசோலையிலும் அவர் கையெழுத்தும் உண்டு.

தம்பி

ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் இருமல் எத்தனை நாளாக இருக்கிறது? சளி வருகிறதா, வறட்டு இருமலா? அதை முதலில் எழுது.

உனக்காகக் காத்திருக்காமல் வங்கிக்குப் போய்விட்டேன். அதற்கே நாலு நடை. பொருளாளர் மாறியதற்குத் தீர்மான நகல் கேட்டார்கள், கொடுத்தேன். அதில் முத்திரை இல்லை என்றார்கள். முத்திரை குத்திக்கொண்டு போனேன். முத்திரை மங்கலாக இருக்கிறது என்றார்கள். "என் கண்ணும் மங்கல்தான், அதுக்காக வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டேன். ஒருவழியாகக் கணக்கைக் காட்டினார்கள்.

தம்பி, அந்தக் கணக்கில் அறுநூற்றுப் பதினொன்று இருக்கிறது. லட்சம் இல்லை, ஆயிரம் இல்லை. அறுநூற்றுப் பதினொன்று.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மார்ச்சிலும், மேயிலும், போன வருடம் செப்டம்பரிலும் மூன்று முறை ரொக்கமாக எடுத்திருக்கிறார்கள். இரண்டு கையெழுத்து இருந்தால்தான் எடுக்க முடியுமாம். ஒன்று செயலாளர், ஒன்று பொருளாளர். பணத்தை வாங்கிக்கொண்டது யார் என்பது காசோலையின் பின்பக்கம் இருக்கும், அது தலைமை அலுவலகக் கிடங்கிலிருந்து வர வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அப்படியே மாஸ்டரிடம் போனேன். "லிஃப்ட் பணம் என்ன ஆச்சு மாஸ்டர்?" என்று கேட்டதும் மனிதர் முகம் சுண்டிவிட்டது. "எனக்கு ஒண்ணும் நினைவில்லம்மா" என்று சொல்லிவிட்டுக் கார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைக்கிறார். எனக்குப் புரிந்துவிட்டது. நீ யாரையும் சந்தேகப்படத் தெரியாதவன். நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாய். மாஸ்டர் சொல்லித்தான் போட்டேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. பொதுக்கூட்டத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் நல்ல பெயரைக் கெடுக்க நான் விடமாட்டேன்.

அக்கா

மே 24

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால் வண்டி இன்னுமா பழுது? உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறாயோ என்று மனது அடித்துக்கொள்கிறது.

போன ஞாயிறு காலை முற்றத்தில் கூட்டம் நடந்தது. உன் வரிக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு நானே எழுந்தேன்.

"லிஃப்ட் கணக்குல இருந்து மூணு தடவை ரொக்கமா எடுத்திருக்காங்க. மூணுலயும் உங்க கையெழுத்து இருக்கு. பணம் எங்க மாஸ்டர்?"

"கையெழுத்து என்னுதுதான்."

"அதான் தெரியுதே. பணம் எங்கன்னு கேக்கறேன்."

அவர் என்னையே பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. பிறகு, "பணம் போனதுக்கு நான்தான் பொறுப்பு. பதவியை விட்டுடறேன்" என்றார்.

அவ்வளவுதான், ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். வக்கீல் எழுந்து, "இன்னொரு கையெழுத்து உங்க தம்பியோடது இல்லையா சிஸ்டர்?" என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். "என் தம்பி வெளியூர்ல கஷ்டப்பட்டுக்கிட்டு இருக்கான். மாஸ்டர் நீட்டினா அவன் போடாம என்ன பண்ணுவான்? அவன் மேல ஒரு சொல் சொன்னா நான் சும்மா இருக்கமாட்டேன்" என்றேன். அதற்கும் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். போலீசில் எழுதிக் கொடுப்பது என்று பாதிப் பேர். முதலில் காசோலை நகல் வரட்டும் என்று பாதிப் பேர்.

மறுநாள் அவர் டிரைவிங் காரின் தூசியில் யாரோ விரலால் 'திருடன்' என்று எழுதியிருந்தார்கள். அவர் அதைத் துடைக்காமலே பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார். ஒரு பெண்தான் வந்திருந்தாள், அவளும் அடுத்த நாள் வரவில்லை. எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

லிஃப்ட் வியாழக்கிழமையோடு முழுசாகப் படுத்துவிட்டது. தையல்காரிக்குப் பல் வலி. நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது. அவள் கத்தவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கீழே வந்து, "இனிமே வலிச்சா பொறுத்துக்கறேன் சிஸ்டர்" என்றாள்.

உடனே எழுது.

அக்கா

ஜூன் 10

அக்காவுக்கு,

நலம். இருமல் பரவாயில்லை.

போலீஸ் எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடு. மாஸ்டரை விட்டுவிடு அக்கா, வயதானவர். இதோடு நாற்பதாயிரத்துக்கு ஒரு வரைவோலை வைத்திருக்கிறேன். லிஃப்டுக்கு என் பங்கு என்று வரவு வைத்துக்கொள். இன்னும் அனுப்புகிறேன்.

தம்பி

ஜூன் 28

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன்.

வங்கியிலிருந்து மூன்று காசோலையின் நகலும் வந்துவிட்டன. தேதி, தொகை எல்லாம் உன் எழுத்து. சின்ன வயதில் நான் கையைப் பிடித்து எழுதப் பழக்கிய எழுத்து, எனக்குத் தெரியாதா? பின்பக்கம் பணம் வாங்கிக்கொண்டவரின் கையெழுத்து மூன்று இடத்திலும் உன்னுடையது.

நகலைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போய் மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் வீட்டம்மா கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். மாஸ்டர் உட்காரச் சொன்னார்.

"தெரிஞ்சுபோச்சாம்மா?" என்றார்.

"நீங்க எப்படி கையெழுத்துப் போட்டீங்க?"

"செக் புக் முழுக்க மொத்தமா போட்டுக் குடுத்துடுவேன். ஒவ்வொரு தடவையும் ஆபீஸ் ரூமுக்கு இறங்கி வரணுமேன்னு சோம்பேறித்தனம். உங்க தம்பி மேல அவ்வளவு நம்பிக்கை. அது என் தப்புதானே? அதனாலதான் பொறுப்புன்னு சொன்னேன். எடுத்தேன்னு சொல்லல."

"அவன்தான் எடுத்தான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க வந்து கேட்டப்பதான். அந்தக் கணக்கு பக்கமே நான் போனதில்ல. ஆனா கேட்ட உடனே புரிஞ்சுது. அவருக்கு மில்லு வேலை போனது எனக்குத் தெரியும். தினமும் டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பி, தெருவைச் சுத்தி வந்து ஆபீஸ் ரூம்ல உக்காந்துக்குவார். என்கிட்ட மட்டும் ஒருநாள் சொல்லி அழுதார். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னார்."

"கூட்டத்துல நான் அத்தனை பேச்சுப் பேசினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே மாஸ்டர்."

"தம்பிக்காக நீங்க அப்படி நின்னுக்கிட்டிருக்கறப்ப எந்த வாயால சொல்றது?" என்றவர், "ஆனா ஒண்ணும்மா. எங்க வீட்டம்மா ஒரு மாசமா படி இறங்கல. எனக்குப் பெரிய மனசெல்லாம் கிடையாது. நாளைக்கு இல்லன்னாலும் என்னிக்காவது என் பேரைத் திருப்பிக் குடுங்கன்னு கேட்டுடுவேன்" என்றார்.

படியில் உட்கார்ந்துவிட்டேன் தம்பி. முழங்காலால் இல்லை.

வேலை போனதை எனக்கு எழுதவில்லை. நீ அந்த மாதங்களில் என் போனுக்கு அனுப்பிய செய்திகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'வேலை நெரிகிறது' என்று இருக்கிறது. கூடப் பிறந்தவளிடம் கேட்க உனக்கு வெட்கம். முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களைக் கேட்காமல் எடுக்க வெட்கம் இல்லை. அதற்கும் மேலே, மாஸ்டரிடம் போய்க் கேள் என்று எனக்கு எழுதினாயே, அந்த ஒரு வரிக்குத்தான் எனக்கு ஆறவில்லை. பணத்துக்குக்கூட மனதைத் தேற்றிக்கொள்வேன்.

ஜூலை 21 ஞாயிறு சிறப்புக் கூட்டம். அதற்குள் உன் கடிதம் வந்தால் எல்லோர் முன்னாலும் அதைப் படிப்பேன். வராவிட்டால் என் வாயால் சொல்வேன். இரண்டில் எது என்பதை நீ முடிவு செய்.

அக்கா

ஜூலை 13

அக்கா,

எல்லாம் நான்தான்.

மில்லில் ஸ்டோரை மூடியபோது ஒரே நாளில் பதினாறு பேரை நிறுத்தினார்கள். நாலு நாளில் வேறு வேலை கிடைத்துவிடும், அதற்குள் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். நாலு நாள் இரண்டு மாதமாகிவிட்டது. முதலில் எடுத்தது முப்பதாயிரம். வீட்டுக் கடன் தவணைக்கு. அடுத்த மாதமே திருப்பி வைத்துவிடலாம் என்று தேதியைக்கூடக் குறித்து வைத்திருந்தேன். அப்புறம் செலவுக்கு. கடைசியில் இந்த வேலைக்கு ஏஜெண்ட் கேட்டது மட்டும் இரண்டே முக்கால் லட்சம். கம்பெனியே எல்லாச் செலவையும் ஏற்றுக்கொண்டது என்று உனக்கு எழுதினேன். பொய்.

இங்கே வந்ததும் ஒரு வருடத்தில் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சொன்ன சம்பளத்தில் பாதிதான் தருகிறார்கள்.

மாஸ்டரைக் கேள் என்று எழுதியபோது என்ன நினைத்து எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. உன் கேள்வி என்னை விட்டு அந்தப் பக்கம் நகர்ந்தால் போதும் என்று இருந்தது. கூட்டத்தில் எனக்காக நீ பேசியதைப் படித்த அன்று ஸ்டோரில் ஒரு பெட்டியை மூன்று முறை எண்ணினேன், மூன்று முறையும் வேறு வேறு எண் வந்தது.

கூட்டத்தில் படி. திருடினேன் என்று சொல். ஆனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேலை போனதையும் அந்த டிபன் பாக்ஸையும் மட்டும் சொல்லாதே. திருடன் என்று சொன்னால் தாங்கிக்கொள்வேன். ஐயோ பாவம் என்று அவர்கள் பேசிக்கொள்வதை என்னால் தாங்க முடியாது.

தம்பி

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

உன் கடிதம் ஜூலை 25 அன்று வந்தது. கூட்டம் முடிந்து நாலு நாள் கழித்து. சொல்லாதே என்று நீ கேட்டதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். உன் தபால் வண்டி இந்த முறை உண்மையிலேயே தாமதம் போலிருக்கிறது.

நடந்ததை எழுதுகிறேன். முற்றத்தில் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இறங்க முடியாததால் தையல்காரி நான்காம் மாடிக் கைப்பிடிச் சுவரோரமாக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நகலைக் காட்டிச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மேலேயிருந்து அவள், "சிஸ்டர், கேக்கல! கொஞ்சம் சத்தமா சொல்லுங்க!" என்றாள்.

முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ குடும்பங்களிடம் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். எப்போதும் அருகில் போய், கையைப் பிடித்து, மெதுவாகச் சொல்வேன். அன்று அண்ணாந்து பார்த்துக் கத்தினேன். "பணத்தை எடுத்தது என் தம்பி! மாஸ்டர் இல்ல! மாஸ்டர் மேல நான் சொன்னது அத்தனையும் தப்பு!"

யாரோ ஏன் எடுத்தான் என்று கேட்டார்கள். வேலை போனதைச் சொன்னேன். டிபன் பாக்ஸையும் சொன்னேன். நீ பயந்த மாதிரி யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. வக்கீல்தான், "வேலை போனா சங்கப் பணத்தை எடுக்கலாம்னா இங்க பாதிப்பேர் எடுத்திருக்கணும் சிஸ்டர்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

இரண்டு மணி நேரம் வாக்குவாதம். கண்ணாடிக்காரர் உன் வீட்டையே எழுதி வாங்க வேண்டும் என்றார். பாக்கி வைத்திருக்கிற ஆள்தான் அதிகமாகக் கத்தினார் என்பதையும் எழுதிவிடுகிறேன். கடைசியில் முடிவானது இது. எட்டு மாதத்தில் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். அதுவரை போலீஸ் இல்லை. ஒரு தவணை தவறினாலும் உண்டு.

நான் செய்தது: என் ஓய்வுப் பணத்திலிருந்து இரண்டு லட்சம் கட்டிவிட்டேன். லிஃப்ட் கம்பெனிக்கு முன்பணம் போய்விட்டது. உன் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. வீட்டுக் கடன் தவணை போக மிச்ச வாடகை நேராகச் சங்கக் கணக்குக்குப் போகும். நான் பின்தெருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். தரைத்தளம், முழங்காலுக்கு நல்லது. நீ மாதம் இருபதாயிரம் அனுப்ப வேண்டும். எனக்கு வேண்டாம், சங்கத்துக்கு.

இனிமேல் எந்தக் காசோலையிலும் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்துதான் கையெழுத்து. மாஸ்டரை மறுபடி செயலாளராக இருக்கச் சொன்னார்கள். "வேணாம்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறார், ஆனால் பழையபடி இல்லை. அவர் வீட்டம்மா படி இறங்கிக் கடைக்குப் போகிறாள். என்னைக் கண்டால் மட்டும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள்.

பொருளாளர் பதவியை ராஜினாமா செய்கிறேன் என்றேன். வக்கீல், "உங்க தம்பியைக் கண்டுபிடிச்சுக் குடுத்த ஆளை எப்படிம்மா விடறது?" என்றார். பாராட்டா குத்தலா என்று இன்னும் விளங்கவில்லை.

இன்னொன்று. இனிமேல் எனக்கு நலம் என்று எழுதாதே. எப்படி இருக்கிறாயோ அதை எழுது.

அக்கா

செப்டம்பர் 9

அக்காவுக்கு,

இருமல் ஐந்து மாதமாக இருக்கிறது. சளியோடு வருகிறது. முகாம் டாக்டர் மாத்திரை கொடுத்தார், தூசியில்லாத இடத்துக்கு மாறச் சொன்னார். ராத்திரியில் தூக்கம் இல்லை. சாப்பிடுகிறேன். இருபதாயிரம் இதோடு இருக்கிறது. மீதியில் மாதத்தை ஓட்டுவது கடினம், ஆனால் ஓட்டிவிடலாம்.

சொல்லிவிட்டாய் என்று படித்ததும் இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். அப்புறம் இல்லை. ஸ்டோரில் என்னோடு இருக்கிறவனிடம் நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "சரி, வா சாப்பிடப் போலாம்" என்றான்.

டிசம்பரில் இருபது நாள் விடுப்பு உண்டு. வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். போன வாரம் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆனால் வீடு வாடகைக்குப் போய்விட்டது. வந்தால் எங்கே தங்குவது என்று தெரியவில்லை. நீ வரச் சொல்வாயா என்றும் தெரியவில்லை.

தம்பி

செப்டம்பர் 27

தம்பிக்கு,

சளியோடு ஐந்து மாதம் என்றால் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அங்கே வசதி இல்லாவிட்டால் வந்ததும் முதல் வேலை அதுதான். என் பழைய ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்திருக்கிறேன்.

லிஃப்ட் நேற்று ஓட ஆரம்பித்தது. தையல்காரி கீழே வந்து கேட் வரைக்கும் போய்த் திரும்பினாள். யாரும் கைதட்டவில்லை. கண்ணாடிக்காரர் புது மோட்டார் சத்தம் அதிகம் என்று வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்.

என் அறையில் கட்டில் ஒன்றுதான். உனக்குத் தரையில் பாய் போடுகிறேன். வா.

ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே என்னிடம் வராதே. பெட்டியோடு அப்படியே இரண்டாம் மாடிக்குப் போ. மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டு. அவர் வீட்டம்மாதான் திறப்பாள். அவள் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள், சொல்லாவிட்டாலும் நின்றுகொண்டிரு. உள்ளே கூப்பிடுவார்களா, கதவைச் சாத்துவார்களா, எனக்குத் தெரியாது. நான் கூட வரமாட்டேன்.

அதை முடித்துவிட்டு வா. எவ்வளவு நேரமானாலும் சாப்பிடாமல் இருப்பேன்.

உன் அக்கா